இருபத்தேழாவது பை

பாலக்கோடு தக்காளி மண்டியில்
எனக்கு வேலை பில் எழுதுவது.
மாதத்தின் இரண்டாம் ஞாயிறு மட்டும்
அதே கை வேறொரு நோட்டு எழுதும்.

தாளின் முன்பக்கம் கொடுத்தவர்கள்.
ஓசூரில் லேத் ஓட்டும் முனிரத்தினம் முந்நூறு.
புளிக் கமிஷன்கடை வஜ்ஜிரவேலு அரிசி இரண்டு மூட்டை;
பெயரைப் பெரிதாகப் போடச் சொன்னார், போட்டேன்.
பஸ் ஸ்டாண்டில் பூ விற்கும் சாக்கம்மா இருபது,
எல்லாம் சில்லறை, எண்ணி முடிக்க நேரமாகும்.
பெங்களூரிலிருந்து யாரோ ஒரு கோட்டு அனுப்பியிருந்தார்கள்.
பெல்ரம்பட்டியில் புளி தட்டும் சென்னம்மாவின் புருஷன்
பனி முடியும்வரை அதைப் போட்டுக்கொண்டு ஆடு மேய்த்தார்.
மாப்பிள்ளை மாதிரி இருக்கிறதாம்.
ஆடுகளுக்கு ஆட்சேபணை இல்லை.

பின்பக்கம் வாங்கியவர்கள்.
இருபத்தாறு வீடு.
அரிசி பத்து கிலோ, ராகி ஐந்து, பருப்பு ஒன்று,
எண்ணெய் ஒரு லிட்டர், சோப்பு இரண்டு.
ஒரு வீட்டில் அப்பா அம்மா
பெங்களூரில் கட்டட வேலைக்குப் போயிருக்க
குடும்பத் தலைவர் என்ற இடத்தில்
பன்னிரண்டு வயசுக்காரி கையெழுத்துப் போட்டாள்.
இனிஷியலை மறக்கவில்லை.

முன்பெல்லாம் போட்டோவும் எடுப்போம்.
மாரண்டஹள்ளியில் ஒருத்தி, பெயர் வேண்டாம்,
பையை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு
"இப்ப எடு" என்றாள்.
பையில் அச்சடித்திருந்த ஜவுளிக்கடைப் பெண்
அவளுக்குப் பதிலாகச் சிரித்தாள்.
அன்றோடு விட்டோம்.
வஜ்ஜிரவேலு மட்டும் இன்னும் கேட்கிறார்.

மாதையனின் ஆம்னியில்தான் போவது.
பெட்ரோலுக்குக் காசு நீட்டினால்
"அப்புறம் பாத்துக்கலாம்க்கா."
இந்த மாதம் தக்காளி
பெட்டி நாற்பதுக்கு இறங்கியது.
பறிகூலிக்கே கட்டாதென்று
பஞ்சப்பள்ளி ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போனார்கள்.
மாதையனின் ஒன்றரை ஏக்கரும் அதில் இருந்தது.
அவர் சொல்லவில்லை.
பில் எழுதுகிறவளிடம் சொல்ல வேண்டியதுமில்லை.
கொட்டிய பழத்தின் மேல் சக்கரம் ஏறாமல்
வண்டியை ஒடித்து ஓட்டினார்.
ஃபைனான்ஸ்காரனின் போன்
சட்டைப் பையில் அடித்து அடித்து ஓய்ந்தது.

அன்று நான் இருபத்தேழு பை கட்டியிருந்தேன்.
கடைசி வீடு முடிந்தும் ஒன்று நின்றது.
"எண்ணுறதுல தப்பு பண்ணிட்டேன் போல."
பதினோரு வருஷமாய் மண்டியில்
நான் எண்ணி ஒரு பெட்டி தப்பியதில்லை.
அது அவருக்கும் தெரியும்.
கண்ணாடியில் ஒருமுறை பார்த்தார்.
இறங்கும்போது பின்சீட்டிலேயே விட்டுவிட்டுக்
கதவை மெதுவாகச் சாத்தினேன்.
அந்தக் கதவு மெதுவாகச் சாத்தினால் சாத்தாது.
திரும்பவும் ஓங்கிச் சாத்த வேண்டியதாயிற்று.

மறுநாள் மண்டிக்கு வந்தார்.
என் மேஜை மேல் எண்ணெய் பாக்கெட்டை வைத்தார்.
"எண்ணெ ஊட்ல இருக்குதுக்கா.
இல்லாதவங்களுக்குக் குடு."
மற்றதைப் பற்றி அவர் பேசவில்லை.
நானும் தராசைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நோட்டோடு சேர்த்துக் கைப்பையில் போட்டேன்.
பஸ்ஸில் நிற்க இடமில்லை.
வீட்டில் வந்து திறந்தால்
பாக்கெட்டின் ஓரம் விட்டிருந்தது.
இந்த மாதத் தாள் முழுக்க எண்ணெய் குடித்திருந்தது.

காயுமா என்று டியூப்லைட்டுக்கு எதிரே பிடித்தேன்.
பின்பக்கம் முன்பக்கத்துக்குள் தெரிந்தது,
எழுத்தெல்லாம் இடவலம் மாறி.
சாக்கம்மாவின் இருபது மேல்
சென்னம்மாவின் கட்டைவிரல்.
வஜ்ஜிரவேலுவின் பெரிய எழுத்துக்குக் குறுக்கே
முகம் மறைத்தவளின் வீடு.
பன்னிரண்டு வயசுக்காரியின் இனிஷியல்
முனிரத்தினத்தோடு ஒட்டிக்கொண்டது.

கமிட்டிக்குக் காட்ட
வேறு தாளில் நகல் எடுக்க வேண்டும்.
அதற்கு முன்
இருபத்தேழாவது வரியை எப்படி எழுதுவது,
எந்தப் பக்கம் எழுதுவது என்று யோசித்தபடி
பேனாவை வைத்தேன்.

வழுக்கியது.
மை பிடிக்கவில்லை.